ஆதார் கேட்காத திருமலை டிக்கெட்

புரட்டாசியில் சென்னையிலிருந்து திருமலைக்கு ஊர்வலமாகப் போகும் திருக்குடை யானைகவுனியைத் தாண்டும்போதெல்லாம் அம்மா கூட்டத்தோடு நின்று கும்பிடுவார். "குடை மலைக்குப் போகிறது, எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை" என்பார். வயது 71. அந்த ஏக்கத்தைத் தீர்க்கத்தான் கடந்த சனிக்கிழமை கிளம்பினோம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டினேன். வேன், சாப்பாடு, 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட், ஒரே நாளில் போய்த் திரும்பலாம், தலைக்கு 2,200. நான்கு பேருக்கு 8,800 ரூபாய். "டிக்கெட் என் பொறுப்பு சார், அம்மாவை மட்டும் அழைத்து வாருங்கள்" என்றார் ஏஜென்ட். பெயரும் வயதும் எழுதிக்கொண்டார். ஆதார் எண்ணைக் கேட்கவே இல்லை.

விடியற்காலை 3 மணிக்கு வேன். செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழி. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புத்தூர் தாண்டியதும் டிரைவர் ஒரு தாளை நீட்டினார். பெயர்கள் எங்களுடையவை, கீழே இருந்த அடையாள எண்கள் யாருடையவையோ. அப்போதே ஏஜென்ட்டை அழைத்தேன். போன் அணைக்கப்பட்டிருந்தது.

மலையில் வரிசை வாயிலில் ஸ்கேன் செய்த ஊழியர், அதே டிக்கெட்டில் காலையிலேயே நால்வர் உள்ளே போய்விட்டதாகச் சொன்னார். யாரோ ஒரு குடும்பத்தின் டிக்கெட்டில் எங்கள் பெயரை ஒட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள்! புரட்டாசிச் சனிக்கிழமை இலவச தரிசன வரிசையில் நின்றால் இரவாகிவிடும். வேனோ 4 மணிக்குக் கிளம்பிவிடும். 'சாப்பாடு உட்பட' என்று காசு வாங்கினார்களே, அதற்கு டிரைவர் கைகாட்டிய இடம் தேவஸ்தானம் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அன்னப்பிரசாதக் கூடம்.

அம்மா கோயிலுக்கு எதிரே கற்பூரம் ஏற்றும் இடமான அகிலாண்டத்தில் கற்பூரம் ஏற்றி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

சிறப்பு தரிசன டிக்கெட்டை தேவஸ்தானம் சில மாதங்களுக்கு முன்பே தன் இணையதளத்தில் விடுகிறது. ஆதார் போன்ற அடையாள எண் கொடுக்காமல் பதிவு செய்யவே முடியாது. நம் எண்ணைக் கேட்காமல் ஒருவர் தரும் டிக்கெட் நம்முடையதாக இருக்க வழியே இல்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே நோட்டீஸ் வண்ணாரப்பேட்டையிலும் ஒட்டியிருப்பதை நேற்று பார்த்தேன். வரும் சனிக்கிழமைக்கு யாராவது பணம் கட்டியிருந்தால், டிக்கெட்டை இன்றே கையில் வாங்கி, அதிலுள்ள எண் உங்கள் ஆதார் எண்தானா என்று பாருங்கள்.