லாரிக் கம்பெனி விமர்சனம்: வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகு எப்படி நடத்தினார்கள்?

போன மாதம் வண்டிச் சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடம் டிரெய்லர் ஓட்டியிருக்கிறேன். சம்பளம், வண்டிப் பராமரிப்பு பற்றியெல்லாம் இங்கே ஓட்டுகிறவர்கள் நிறையச் சொல்லியாயிற்று, எனக்கும் அதில் வேறு கருத்து இல்லை. வேலையை விடுகிற டிரைவரை இவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இதற்கு முன் ஓட்டிய இடத்தில், போகிறேன் என்று சொன்ன மறுநாளே வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசி இரண்டு டிரிப் கணக்கு கைக்கு வரவே இல்லை. அந்த பயத்தில், இங்கே எழுதிய கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். லோடு வண்டியில் இருக்கும்போது கொடுக்கக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். என்ன கோபம் இருந்தாலும் சரி, நடுவழியில் வண்டியை விட்டுப் போனவன் என்ற பெயர் வந்துவிட்டால் அப்புறம் அழியாது. புதிதாகச் சேர்க்கிறவர்கள் முதலில் பழைய இடத்துக்குத்தான் போன் போடுகிறார்கள்.

கடிதம் நான்கு வரி. பெயர், வண்டி எண், கடைசி நாள், இத்தனை வருடம் வேலை கொடுத்ததற்கு நன்றி. 14 நாள் அவகாசம் கொடுத்திருந்தேன். குறை எதையும் எழுதவில்லை. மேனேஜர் படித்துவிட்டு, "ஏன் போறீங்க?" என்று கேட்டார். தினமும் வீட்டுக்குத் திரும்பும்படியான ஓட்டம் கிடைத்திருக்கிறது என்றேன். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். பிறகு, "கடைசி லோடு எதுன்னு இப்பவே பேசிடலாம்" என்றார். நான் எதிர்பார்க்காதது அதுதான். பன்னிரண்டாம் நாள் எங்கள் யார்டிலேயே வந்து முடிகிற மாதிரி டிரிப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை ஒப்படைக்க முழுதாக இரண்டு நாள் கிடைத்தது.

அந்தக் கடைசி டிரிப்பில், என் வண்டியை ஓட்டப்போகிற தம்பியையும் கூட அனுப்பினார்கள். இந்தக் கம்பெனி செய்ததிலேயே நல்ல காரியம் என்று இதைத்தான் சொல்வேன். ஆறு வருடத்தில் ஒரு வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. மழை பெய்தால் டிரெய்லரின் இடது பின்விளக்கு வயர் தளர்ந்து அணைந்துபோகும். பிரேக்குக்குக் காற்று சேர்த்து வைக்கிற ஏர் டேங்கில் தண்ணீர் சீக்கிரம் சேரும், ஓட்டம் முடிந்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும். வழியில் ஒரு சக்கரம் மாற்றினோம். 80 கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி, அந்த நட்டுகளை மறுபடி முறுக்க வைத்தேன். "ஒரு தடவை இறுக்கியாச்சே, எதுக்குண்ணே?" என்றான். ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். இரண்டு நட்டு கொஞ்சம் திரும்பியது, அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

யார்டில் சூப்பர்வைசர், மெக்கானிக், நான் மூவரும் வண்டியைச் சுற்றி வந்தோம். டயர் நம்பர்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, தார்ப்பாய், தீயணைப்பான், டீசல் அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். நான் தனியாகப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். கேபினை முந்தின நாளே கழுவி, படுக்கைக்கு அடியில் கிடந்த என் சாமானையெல்லாம் எடுத்துவிட்டிருந்தேன். டீசல் கார்டைக் கொடுத்ததற்கும் தனியாக ரசீது வாங்கினேன்.

குறை, கணக்கு முடித்ததில்தான். பத்து நாளில் பணம் வரும் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆயிற்று. அதிலும் தார்ப்பாய் கிழிசல் என்று ஒரு தொகையைப் பிடித்திருந்தார்கள். ஒப்படைத்த அன்று எடுத்த போட்டோவை அனுப்பினேன், கிழிசல் இல்லை. மூன்றாம் நாள் அந்தத் தொகை திரும்பி வந்தது. தவறைத் திருத்திக்கொண்டார்கள், சரி. ஆனால் பிடிப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? போட்டோ எடுக்காத டிரைவர் என்ன செய்வார்?

புது இடத்திலிருந்து என்னைப் பற்றி விசாரித்தபோது, வண்டியைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தவர் என்று சொன்னார்களாம். அங்கே சேர்ந்த முதல் நாளே இதை என்னிடம் சொன்னார்கள்.

5க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண் கணக்குப் பிரிவுக்காகக் குறைத்தது. கடைசிக் கணக்கில் என்னென்ன பிடித்திருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி, பணம் போடும் முன்பே டிரைவரிடம் காட்டினால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.