சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ச் சபையின் கார் சேவை

சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் சேவையை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியொன்றில் கூடும் தமிழ்க் கிறிஸ்தவச் சபையார் நடத்தி வருகின்றனர். கட்டணம் வாங்குவதில்லை, நோயாளி எந்த மதத்தவர் என்றும் பார்ப்பதில்லை. என் பெரியம்மா இதை நம்பித்தான் சிகிச்சைக்குப் போய்வருகிறார்.

வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய சிகிச்சை இது. சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளால் இத்தனை முறை விடுப்பெடுக்க இயலாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பெரியம்மாவுக்கு இடக்கையில் ஊசி ஏற்றுவதால், இருக்கைப் பட்டை அந்தப் பக்கம் அழுத்தாதபடி ஓட்டுநருக்குப் பின்னால், வலப்புற இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். சிகிச்சை முடிந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால், அவரைச் சற்று நேரம் அமர்த்திக் ஊசி ஏற்றிய இடத்துக் கட்டுத்துணியில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்த பிறகே எழுப்புகிறார்கள். ஓட்டுவோர் அனைவரும் சபையின் சாதாரண விசுவாசிகள். காரும் பெட்ரோலும் அவர்களுடையவை. கேட்டால் ஜெபிக்கிறார்கள், கேட்காதவரிடம் மதப் பேச்சு எடுப்பதில்லை. இந்த நாகரிகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இச்சபைக்கு ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் சிற்றாலயம் இருந்தது. நிலம் கைமாறியபோது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களோடு அதுவும் போயிற்று. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைத் தடுக்க, இவ்வூரோடு நெருங்கிய தொடர்புடைய அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்றாலும், எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. மக்கள் பல தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிதறினர். திருமணமும் அடக்க ஆராதனையும் நடந்த அந்த ஆலயத்தை நினைத்து முதியவர்கள் இன்றும் கலங்குகிறார்கள். அந்த ஏக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆயினும் ஆலயம் போனதால் சபை போய்விடவில்லை என்பதற்கு இந்தக் கார்களே சான்று. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியரின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் வாழ்த்து அனுப்புகிறார். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். நோயாளியை விசாரிப்பதைத் தமக்கே செய்ததாக இயேசு ஏற்றுக்கொள்ளும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வைத்துப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை காலை நடக்கும் இந்தப் பயணம் ஞாயிறு ஆராதனைக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து.

குறைகளும் உண்டு. சக்கர நாற்காலியோடு ஏற்றும் வசதி இல்லை. எல்லா அழைப்புகளையும் ஒரே சகோதரி கவனிப்பதால் அவர் நோயுற்றால் ஏற்பாடு தடுமாறுகிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஓட்டுநர் பற்றாக்குறை ஏற்படுகிறது. சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பெரியம்மாவை அழைத்துச் சென்றவர், சபையார் கேட்டுக்கொண்டதற்கிணங்க வந்த ஓர் இந்து இளைஞர். இரண்டாவது ஒருங்கிணைப்பாளரை நியமிப்பதைச் சபையார் இனியும் தள்ளிப்போடக்கூடாது.

சேவை தேவைப்படுவோர் சிகிச்சை அட்டவணையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அலுவலகம் மாடியில் இருப்பதால் நோயாளியை அலைக்கழிக்காமல் உறவினர் ஒருவர் போய்ப் பேசுவது நல்லது.