சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: தூரம், நேரம், தூக்கம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய, சிங்கப்பூரின் சாங்கி – நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத் தடம்தான் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் விமானங்களில் மிக நீண்டது. நேர்த்தூரம் சுமார் 15,340 கி.மீ. இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. நியூயார்க்கிலிருந்து துருவம் 49.4 பாகை, அங்கிருந்து சிங்கப்பூர் 88.6 பாகை. மொத்தம் 138, பாகைக்கு 111.2 கி.மீ.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றைப் பிடிக்க, நியூயார்க் போகும்போது பசிபிக் மீதும், திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா மீதும் பறக்கிறது. அதாவது இரு திசையிலும் கிழக்கு நோக்கித்தான்! தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். காற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் முன்பின் ஆகும். இறங்கியதும் பிடிக்க வேண்டிய அடுத்த விமானத்துக்கு மூன்று மணிநேரமாவது இடைவெளி விடுங்கள்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை). எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமியே கிடையாது. பிரீமியத்தில் 2-4-2 அடுக்கு. வால்பக்கம் உடல் குறுகும் கடைசி வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கை வரும். தனியாகப் போகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை எடுக்கலாம், யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்க முடியும். முதல் வரிசையில் தட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் இடுப்புக்கு இடம் குறையும்.

பலரும் தவறுவது தூக்கத்தில்தான். கோடையில் நியூயார்க்கில் வெள்ளி இரவு 10-க்கு ஏறினால் சிங்கப்பூரில் அப்போது சனி காலை 10. இறங்குவது ஞாயிறு விடியற்காலை 5-ஐ ஒட்டி. (குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணிநேரம்; ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.) ஏறியதும் எட்டு மணிநேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினால், பத்து மணிநேரம் விழித்திருந்து களைத்த உடம்போடு காலையில் இறங்குவீர்கள், அன்று பகல் முழுக்கக் கண் சொருகும். முதலில் மூன்று மணிநேரம் மட்டும் தூங்கி, நடுப்பகுதியில் விழித்திருந்து, கடைசி ஏழெட்டு மணிநேரத்தைத் தூக்கத்துக்கு வையுங்கள். நள்ளிரவில் சிங்கப்பூரில் கிளம்பி நியூயார்க்கில் விடிகாலை இறங்கும் பயணத்துக்கும் இதே கணக்குதான்.

கால் வீக்கத்துக்கு முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள். வீங்கியபின் போட்டால் இறுக்கும். இரண்டு மணிக்கொரு முறை நடக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் வேளை மாற்றத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வைக்க வேண்டும். இந்திய சைவ உணவை 24 மணிநேரத்துக்கு முன் பதியாவிட்டால் கிடைக்காது. 2025 ஏப்ரல் முதல் இந்த நிறுவனத்தின் விமானங்களில் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை. இருக்கை பிளக்குக்கான சார்ஜரைக் கையில் வையுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இந்த வழி சுற்று. சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் ஏறக்குறைய 13,500 கி.மீ.; துபாய் வழியே 14,000-க்குள் முடியும். சிங்கப்பூர் வழியே போனால் 18,000-ஐத் தாண்டும். சிங்கப்பூரில் இரண்டு நாள் வேலையோ உறவோ இருந்தால் மட்டும் எடுங்கள்.