தீவுத்திடலா, இருங்காட்டுக்கோட்டையா? சென்னையின் இரு பந்தயத் தடங்கள்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி, இளம் வீரர்கள் ஓட்டும் தொடக்கநிலைப் பந்தயக் கார்களான ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோது, சென்னைக்கு இரண்டாவது பந்தயத் தடம் கிடைத்தது. புதிய தெருத்தடத்தின் நீளம் 3.5 கி.மீ., வளைவுகள் 19. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பழைய நிரந்தரத் தடத்தின் நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. நீளத்தில் கால் கிலோமீட்டர்கூட வேறுபடாத இவ்விரண்டும் பிறந்த விதத்திலும் பயன்படும் விதத்திலும் முற்றிலும் வேறானவை. அரசின் பணமும் கவனமும் எதற்கு முதலில் போக வேண்டும் என்ற கேள்வி எழுந்துவிட்டதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

பழைய தடத்தின் வேர் சோழவரத்தில் இருக்கிறது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கிருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமொன்றில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்திவந்தது. சொந்தமாக ஒரு தடம் வேண்டும் என்ற அதன் நெடுநாள் முயற்சி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் நிறைவேறியது. புதிய தடமோ தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் துணையுடன் வந்தது. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிற்று. பொதுச் சாலையில், அதுவும் மருத்துவமனைகளுக்கு அருகில், பந்தயம் நடத்தலாமா என்று வழக்குகள் தொடரப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதி அளித்த பிறகே கார்கள் ஓடின.

தெருத்தடத்தின் கவர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாள்தோறும் பேருந்தில் கடக்கும் இடங்களே இரவு விளக்கொளியில் பந்தயப் பாதையாக மாறியதைக் கண்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மோட்டார் பந்தயம் என்றாலே தொலைக்காட்சியில் பார்ப்பது என்றிருந்த ஒரு தலைமுறைக்கு அதை வீட்டு வாசலருகே கொண்டுவந்து காட்டியது பெரிய காரியம். மெட்ரோவில் வந்து இறங்கிப் பந்தயம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வசதியை இருங்காட்டுக்கோட்டையால் இப்போது தர இயலாது.

ஆனால் ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. தெருத்தடத்தில் சாலையின் ஓரமே கான்கிரீட் தடுப்பு. பிரேக்கைக் கால் நொடி தாமதமாக மிதித்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தடுப்பில் மோதி முறியும், அன்றைய ஓட்டம் அத்துடன் முடியும். பேருந்துகள் சிந்திய எண்ணெயும், படிந்த தூசியும், மழையில் வழுக்கும் வெள்ளைக் கோடுகளும் முதல் சில சுற்றுகளில் டயருக்குப் பிடிப்பைத் தருவதில்லை. சுற்றுக்குச் சுற்று டயரின் ரப்பர் தார்மேல் படியப் படியத்தான் பிடிப்பு கூடுகிறது. அந்த ரப்பரும் பந்தயம் முடிந்து போக்குவரத்து தொடங்கியதும் தேய்ந்து போய்விடுகிறது. சாலை நடுவே உள்ள குழாய், சாக்கடை மூடிகளும் பெருங்கவலை: 2023இல் லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 பயிற்சியின் முதல் சில நிமிடங்களிலேயே நீர்க்குழாய் மூடியொன்று பெயர்ந்து கார் பந்தய வீரர் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைச் சிதைத்தது. இவ்வாறான ஆபத்துகளைத் தவிர்க்கவே உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒவ்வொரு முறையும் தெருத்தடத்தை நுணுக்கமாகச் சோதிக்கிறது. சென்னையில் முதல் நாளன்று அந்தச் சான்று தாமதமானதால் கார்கள் இரவில்தான் தடத்தில் இறங்க முடிந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் தவறு செய்பவருக்குத் தார்ச்சாலையை அடுத்து மண்ணும் சரளையும் இருக்கின்றன. காரைத் திருப்பிக்கொண்டு வந்து அடுத்த சுற்றில் அதே வளைவைச் சரியாக எடுத்துப் பார்க்கலாம். வீரர்கள் உருவாவது அந்த இரண்டாவது வாய்ப்பில்தான். பைக் பந்தயத்துக்கோ வேறு வழியே இல்லை. தடுப்புச் சுவர்களுக்கு இடையே விழும் பைக் வீரர் என்ன ஆவார் என்று விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நிறுவனத்தின் பைக்குகளில் போட்டியிடும் டிவிஎஸ் ஒன் மேக் பந்தயங்களும் தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பும் இங்கே நடப்பது அதனால்தான். இவ்வாறு சொல்வதால் இருங்காட்டுக்கோட்டை குறையற்ற தடம் என்றாகிவிடாது. 2023இல் மட்டும் இரண்டு பேர் அங்கே பந்தயத்தில் உயிரிழந்தார்கள்; ஒருவர் நீண்ட அனுபவமுள்ள கார் பந்தய வீரர், மற்றவர் 13 வயதே ஆன பைக் வீரர். அந்தச் சிறுவனின் வயதை நினைக்கும்போதெல்லாம், பாதுகாப்புக்கான செலவைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோமே என்று மனம் பதைக்கிறது.

மற்ற ஊர்களின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. ஐதராபாத்தில் ஹுசைன் சாகர் அருகே 2.8 கி.மீ. தெருத்தடத்தில் 2023 பிப்ரவரியில் மின்கார்களுக்கான ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. ஆட்சி மாறியதும் 2024 பந்தயம் கைவிடப்பட்டது. நிரந்தரத் தடமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் பந்தயத் தடம் சாட்சி. பந்தயத் தட வடிவமைப்பாளர் ஹெர்மன் டில்கே வடிவமைத்த 5.125 கி.மீ. தடம் அது, 2011 முதல் 2013 வரை மூன்று ஃபார்முலா 1 பந்தயங்களைக் கண்டது, மூன்றிலும் ஜெர்மனி வீரர் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். வரிச் சிக்கல் உள்ளிட்ட காரணங்களால் ஃபார்முலா 1 பிறகு அங்கே திரும்பவில்லை. உலகத் தரத் தடத்தைக் கட்டிவிட்டு, அதன் அன்றாடப் பயன்பாட்டுக்கு உள்ளூரில் போதிய பந்தயங்களை வளர்க்காமல் விட்டதே அங்கு நேர்ந்த பெரும் பிழை என்று நான் கருதுகிறேன்.

ஆகவே என் தேர்வு இருங்காட்டுக்கோட்டைதான். தீவுத்திடல் பந்தயம் நடக்கட்டும். அதைக் கண்டு ஆசைப்படும் பிள்ளை மறுவாரம் எங்கே போய் ஓட்டிப் பழகும் என்பதற்கு விடை அந்தப் பழைய தடத்தில் இருக்கிறது. இரவோடு இரவாகப் பிரித்து எடுத்துவைக்கும் தடுப்புகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, அங்கே சரளைப் பரப்புகளை அகலப்படுத்தவும், இளையோரின் பயிற்சிக் கட்டணத்தைக் குறைக்கவும், பந்தய நாட்களில் பூந்தமல்லியிலிருந்து சிறப்புப் பேருந்து விடவும் ஒதுக்க வேண்டும்.