3,200 ரூபா கீபோர்டும் எங்க ஆபீஸ் பஞ்சாயத்தும்

பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா ஒரே மாலத்தான் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்கன்னு பாத்தாலே தெரியுது. 61 கீ, மெக்கானிக்கல் (ஒவ்வொரு கீக்கும் அடியில தனி சுவிட்ச்), அதுல டக் டக்குன்னு சத்தம் போடுற ப்ளூ சுவிட்ச். பெங்களூர் எஸ்பி ரோட்ல கடைக்காரர் கன்னடத்துல 3,800ன்னு ஆரம்பிச்சாரு, நான் முழிச்சதப் பாத்து ஹிந்திக்குத் தாவினாரு, நடுவுல வீட்டுல இருந்து போன் வந்து நான் பேசுனதக் கேட்டுட்டு "மொதல்லயே சொல்லக்கூடாதா சார்"னு தமிழ்ல 3,200க்கு முடிச்சு விட்டாரு. பில் கேட்டதும் மட்டும் மறுபடி கன்னடம். நாலு மாசம் அடிச்சுட்டு எழுதுறேன்.

இவ்ளோ சின்னது எதுக்குன்னு கேப்பீங்க. வாரத்துல மூணு நாள் ஆபீஸ் வந்தே ஆகணும்னு மெயில் போட்டாச்சு, ஆனா நமக்குன்னு சீட் கிடையாது, காலைல எது காலியோ அதான். ஆர்.வி. ரோட்ல யெல்லோ லைன் மெட்ரோ ஏறி எலக்ட்ரானிக் சிட்டி போறவன் முழு சைஸ் கீபோர்ட எங்க வெச்சுத் தூக்குறது? இது பைல டிபன் பாக்ஸ் பக்கத்துல உக்காந்துக்குது.

ஆனா சின்னதுக்கு உண்டான கஷ்டம் இருக்கு. மேல எஃப்1, எஃப்2ன்னு போற எஃப் வரிசையே கிடையாது. கோட வரி வரியா ஓட்டித் தப்பு தேடுற டீபக்கர்ல ஒரு ஸ்டெப் போக எஃப்10, உள்ள போக எஃப்11, ரெண்டுக்கும் எஃப்என் சேத்து அமுக்கணும், பழகறதுக்குள்ள பத்து தடவ தாண்டக்கூடாத லைனத் தாண்டிருப்பேன். பேக்டிக் (` குறி) எஸ்கேப் கூட ஒரே கீல குடித்தனம் பண்ணுது, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறவங்க யோசிச்சு வாங்குங்க. ஆரோ கீயும் இல்ல. எங்க டீம்ல விம்ங்கற எடிட்டரோட பக்தர் ஒருத்தர் மட்டும் "ஆரோ எதுக்குப்பா, எச் ஜே கே எல் இருக்குல்ல"ன்னு குஷி ஆயிட்டாரு. அதுவும் பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, 1970கள்ல பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டர எழுதுன ADM-3A டெர்மினல்ல அந்த நாலு கீ மேலயே அம்புக்குறி போட்டிருந்துச்சு, அவரு இருக்கறத வெச்சு எழுதுனாரு, நாம இன்னும் அதுக்கு அடிச்சுக்கிறோம்.

இப்ப சத்தம். வீட்ல சூப்பர். ஆபீஸ்ல மொத நாளே பக்கத்து சீட் ஆளு ஹெட்போன கழட்டி "சொல்ப மெல்லகே குரு"ன்னாரு, கொஞ்சம் மெதுவான்னு அர்த்தம். மேனேஜருக்கு மட்டும் புடிச்சுப் போச்சு, சத்தம் வந்தா வேலை நடக்குதுன்னு அவருக்கு ஒரு கணக்கு. அதுல இருந்து பேச்சு நாராயண மூர்த்தி 2023ல சொன்ன வாரம் 70 மணி நேர வேலைக்குப் போச்சு, அங்க இருந்து எல் அண்ட் டி சேர்மன் சொன்ன 90க்கு. கடைசில சட்டுன்னு முடிய வேண்டிய ஸ்டாண்டப் மீட்டிங்கே 40 நிமிஷம், அத யாரு கணக்குல எழுதுறதுன்னு யாரும் சொல்லல.

டீம்ல புதுசா வந்த பையன் கேட்டதுதான் சுருக்குன்னுச்சு. "அண்ணா, கோட ஏஐ எழுதுது, நீங்க டேப் அமுக்கி ஓகே சொல்றீங்க, அதுக்கு எதுக்கு 61 கீ?" வரிய உள்ள தள்ளி எழுத பைத்தானுக்கு பெப்-8ங்கற ஸ்டைல் கைடு நாலு ஸ்பேஸ்னு சொல்லுது, கோ மொழில கோஃபம்ட்ங்கற டூல் டேப்தான்னு சொல்லுது, இத வெச்சு எத்தன வருஷம் சண்ட போட்டிருப்போம், இவன் ஒரே வரில டேப்ப வேற வேலைக்கு மாத்திட்டான். 2021 ஏப்ரல் ஒண்ணாந்தேதி கோட் எழுதுறவங்க டவுட் கேக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட்டுல விளையாட்டுக்கு மூணே கீ வெச்ச காப்பி பேஸ்ட் கீபோர்டுன்னு போட்டு, அப்புறம் நெசமாவே வித்தாங்க, அப்ப சிரிச்சவன்தான் நானும். ஆனா ஒண்ணு சொல்லணும், ஏஐ வந்தப்புறம் நான் அடிக்கிறது கொறையல, கூடிருக்கு. கோட் அடிக்கல, ஏன் அந்த கோட் தப்புன்னு ரிவ்யூல பத்தி பத்தியா அடிக்கிறேன்.

குறைன்னா ரெண்டு. ஸ்பேஸ் பார ஆடாம புடிக்கிற ஸ்டெபிலைசர் தகர டப்பா மாதிரி லொடலொடங்குது, கிரீஸ் தடவுனா அடங்கும். ரெண்டாவது குறை, வாங்கி மூணாவது மாசமே எச் கீ ஒரு தட்டுக்கு ரெண்டு தடவ அடிக்க ஆரம்பிச்சுது. கோட்ல அது எரர்னு சிவப்புக் கோடு போட்டு மாட்டிக்கும். நான் தமிழ் அடிக்க தமிழ்99ங்கற கீ அமைப்பு வெச்சிருக்கேன், அதுல எச்ல இருக்கறது க, ஒரே மெய்ய ரெண்டு தடவ அடிச்சா மொதல்ல இருக்கறதுக்கு தானாவே புள்ளி வெச்சுரும். இந்த வசதிக்காகத்தான் தமிழ்99ஐ விடாம புடிச்சிருக்கேன், அதுவே காலை வாரி விட்டுச்சு. அபார்ட்மென்ட் தமிழ் குரூப்ல மகளுக்கு பர்த்டேன்னு அவசரத்துல போட்டு அனுப்பிட்டேன், போய் விழுந்தது "வர்ற ஞாயித்துக்கிழமை என் மக்களுக்கு பிறந்தநாள், எல்லாரும் வந்துருங்க". அடுத்த நிமிஷம் மூணாவது மாடி அங்கிள் "தலைவரே, பிரியாணி உண்டா?" இப்பவும் லிஃப்ட்ல பாத்தா கும்பிடு போடுறாரு.

நல்ல வேள, சுவிட்ச கழட்டி மாட்டலாம். கூட வர்ற இடுக்கில புடிச்சு இழுத்தா வந்துரும், சால்டரிங் வேலை கெடையாது. சர்வீஸ்னு கடைல கேட்டா "நீங்களே மாத்திக்கலாம் சார்"ங்கறதுதான் வாரண்டி. பக்கத்து சீட் புண்ணியத்துல மொத்தத்தையும் சத்தம் கம்மியான ரெட் சுவிட்சா மாத்திட்டேன், 70 சுவிட்ச் பாக்கெட் 1,260 ஆச்சு, ஆக 4,460க்கு வந்து நிக்குது. செர்ரி கம்பெனி ஒரிஜினல்ல ப்ளூ அமுங்க 60 கிராம், ரெட் 45 கிராம், நான் போட்டது ரெண்டும் டூப்ளிகேட்னாலும் வித்தியாசம் விரல்ல தெரியுது.

அஞ்சுக்கு மூணரை. கழட்டுன ப்ளூ சுவிட்ச் 60 டப்பால கெடக்கு, வேணும்னா ஆர்.வி. ரோடு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கலாம். க-ல இருந்தத மட்டும் தூக்கிப் போட்டாச்சு.