பெரியவர்கள் அறைக்கு எது: ஃபேனா, ஏர் கூலரா, ஏசியா?

பங்குனி பாதியிலேயே கடைக்காரர்கள் ஏர் கூலர்களை வாசலில் அடுக்கிவிடுகிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய அப்பா, அம்மா இருக்கும் வீடுகளில் "இந்த வருஷமாவது ஏதாவது வாங்கலாம்" என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த ஊர், எந்த மாடி என்று சொல்லுங்கள்.

ஃபேனே போதும் என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாகம் மந்தமாகிறது, சூட்டை உணர்வதும் மட்டுப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் நீர் மாத்திரை உடம்பிலிருக்கும் நீரை இன்னும் இறைக்கும். "எனக்கு ஒன்றும் தெரியலையே" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை, நிஜமாகவே தெரிவதில்லை. அதனால் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஈரப்பதமும் காட்டுகிற ஒரு சின்ன வெப்பமானியை அந்த அறையில் மாட்டிவிடுங்கள். அறை பகலில் 32 டிகிரிக்குள்ளும் இரவில் 24 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவுக் கணக்கு நம் ஊரில் ஏசி இல்லாமல் நடக்காது. பகல் கணக்கையாவது பிடிக்கப் பார்க்கலாம்.

ஃபேனில் தொடங்குவோம். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கிறது. வியர்வையே குறைந்துபோன உடம்புக்கு அதன் பலன் பாதிதான். ஈரத்துண்டால் கை, கழுத்து, முதுகைத் துடைத்துவிட்டு ஃபேனடியில் உட்காரவைத்தால் வியர்வை செய்கிற வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். காசில்லாத வைத்தியம், ஆனால் நன்றாகவே பலிக்கிறது. ஃபேனுக்கு ஒரு எல்லையும் உண்டு: 40 டிகிரிக்கு மேல் போனால் அது வீசும் காற்றே உடம்பைச் சூடாக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவிலும் சூட்டைக் கக்கும். ஃபேன் அதைக் கீழே இறக்கிவிடும். அங்கே ஃபேனை மாற்றுவதற்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள்.

ஏர் கூலர் விஷயத்தில்தான் ஊர் முழுத் தீர்ப்பையும் எழுதுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாக மறுக்கும். 40 டிகிரி வெயில், 25 சதவீத ஈரப்பதம் என்றால் நல்ல கூலர் 27, 28 டிகிரி காற்றைத் தரும். 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் 31 டிகிரிக்குக் கீழே இறங்காது, அதோடு அறையும் கசகசக்கும். முதல் கணக்கு வேலூர், கரூர், திருச்சி, மதுரைப் பக்கத்துக் கோடை மதியம். இரண்டாவது, கடற்காற்று உள்ளே வந்த பிறகு சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி. கடலோர ஊரில் ஒரு பெரியவருக்குக் கூலர் வாங்கித் தருவது, வியர்வை உலர இருந்த ஒரே வழியையும் அடைப்பதுதான். அந்தக் காசை மேசை ஃபேனுக்கும் ஜன்னல் திரைக்கும் செலவிடலாம்.

உள் மாவட்டங்களில் கூலர் உண்மையிலேயே நல்ல தேர்வு. மின்சாரம் 150, 200 வாட்டோடு முடிந்துவிடும், மின்வெட்டில் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும். ஆனால் அதை இயக்குபவர் யார்? தனியாக இருக்கும் பாட்டி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் தூக்கி ஊற்ற வேண்டும் என்றால் அந்த இயந்திரம் வெயிலைவிட ஆபத்து. சிந்திய நீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கோடை முழுக்கப் படுக்கைதான். குழாய் இணைப்பும் தானே நிரம்பும் மிதவையும் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கதவையெல்லாம் சாத்திவிட்டுக் கூலர் போடும் வீடுகள் எத்தனையோ! கொஞ்ச நேரத்தில் அந்த அறையும் கடலோரம் ஆகிவிடும்.

ஏசி? வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து வெளியேற்றுவது இது ஒன்றுதான். கடலோரத்தில் இருப்பவர்களுக்கும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும் நான் யோசிக்காமல் ஏசியைத்தான் சொல்வேன். ஆட்சேபம் இரண்டு வரும். ஒன்று, "மூட்டு வலிக்கும்." பேரன் 18-இல் வைத்துவிட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும். 27-இல் வைத்து ஃபேனையும் மெல்ல ஓடவிட்டால் 23 போல உணர்வு இருக்கும், போர்வையும் தேவைப்படாது. இன்னொன்று கரண்ட் பில், இது நியாயமான கவலை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். சின்ன அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை) போதும், மணிக்கு ஒரு யூனிட்டுக்குள்தான் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 180 யூனிட்டுக்கு மேல் போகாது. நாளில் இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்தாலே உடம்பு பாதி தேறிவிடும். பெரியவர்கள் காசுக்குப் பயந்து ரிமோட்டைத் தொடமாட்டார்கள் என்பதுதான் பெரிய பிரச்சினை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தானாக ஓடும்படி டைமரில் வைத்துவிட்டு, பில்லை நீங்கள் கட்டுங்கள்.

ஏசி உள்ள வீட்டிலும் ஃபேனுக்கு வேலை இருக்கிறது. மின்வெட்டு வந்தால், பேட்டரியில் ஓடும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரால் ஏசியை ஓட்ட முடியாது. ஜன்னல் மூடிய அறை மெல்லச் சூடேறும், தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தனியாக இருப்பவர் என்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவைப்பது அவசியம். பேச்சு குழறுவது, ஆளைத் தெரியாமல் விழிப்பது, தோல் அனலாகக் கொதிப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்தக் கருவியையும் நம்பிக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கூலர் வாங்கியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி உண்டு. மழை தொடங்கியதும் தொட்டியை வடித்து, தேய்த்துக் காயவைத்துவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் பிடித்த இடம், அறைக்குள்ளேயே பெரியவர் பக்கத்திலேயே அது முட்டையிடும். கோடையிலும் வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும்.