அப்பாவுக்கு மூளைல ரத்தக்கசிவு வந்தப்புறம் வாங்குன பிபி மெஷின், 14 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கைல மேல் பக்கம் பட்டி கட்டி பாக்குற டிஜிட்டல் பிபி மெஷின், 2,150 ரூபாய்க்கு வாங்குனது. கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை நிறை ரெண்டுமே எந்த கம்பெனி மெஷின் வாங்குனாலும் பாக்க வேண்டியதுதான். முதல்லயே சொல்லிடுறேன், கண்டிப்பா வாங்குங்க, ஆனா வாங்குற அன்னைக்கே மேல் கையோட சுத்தளவ அளந்துட்டு போங்க. இந்த ஒரு விஷயம் தெரியாம நாங்க ஒன்றரை மாசம் தப்பான நம்பர பாத்து பயந்துகிட்டு இருந்தோம்.

அப்பாவுக்கு 61 வயசு, தொட்டியம் பக்கம் வாழை போட்டுருக்கோம். ஏழெட்டு வருஷமா பிரஷர் இருக்கு, மாத்திரையும் இருக்கு, ஆனா ஒரு தடவ மெடிக்கல்ல பாத்தப்ப நார்மல்னு வந்துச்சு, அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டாரு, அதான் சரியாயிடுச்சேன்னு. மாத்திரை போட்டதாலதான் நார்மல்னு அவருக்கு யாரும் புரியுற மாதிரி சொல்லல, நாங்களும் கவனிக்கல. போன வருஷம் ஒரு நாள் காலைல காபி டம்ளர் வலது கைல இருந்து நழுவி விழுந்துச்சு, அம்மா என்னங்கன்னு கேட்டதுக்கு வாய் கோணி ஏதோ சொன்னாரு, ஒன்னும் புரியல. 108க்கு தம்பி போன் பண்ணினான். கேஷுவால்டில பாத்தப்ப பிரஷர் 210க்கு மேல. சிடி ஸ்கேன்ல இடது பக்கம் உள்ள ஆழமா வெள்ளையா ஒரு திட்டு, ரத்தக்கசிவு.

அந்த நியூரோ டாக்டர் பொறுமையா உக்காந்து விளக்குனாரு, அத நான் மறக்கவே மாட்டேன். அப்பா விவசாயின்னு தெரிஞ்சதும் சொட்டுநீர் பைப்ப வச்சே சொன்னாரு. மெயின் லைன்ல இருந்து நேரா 90 டிகிரில பிரியுற மெல்லிசு ட்யூப் எப்படியோ, அப்படித்தான் மூளைக்கு போற பெரிய ரத்தக்குழாய்ல இருந்து உள்ள ஆழத்துக்கு தலைமுடி மாதிரி சின்ன குழாய்ங்க நேரா பிரிஞ்சு போகுதாம், மெயின்ல வர்ற பிரஷர் குறையாம அப்படியே அதுங்க மேல விழுதாம், வருஷக்கணக்கா அடி வாங்கி வாங்கி சுவரு நைஞ்சு ஒரு நாள் விட்டுடுது. கசிஞ்ச ரத்தம் 22 மில்லி. டானிக் பாட்டில் மூடிக்கு 10 மில்லி, அப்ப ரெண்டு மூடிய விட கொஞ்சம் கூட, அவ்ளோதான். அந்த அளவுக்கு ஒரு மனுஷனோட வலது கை வலது கால் பேச்சு மூணும் போச்சு. 2001ல சான் பிரான்சிஸ்கோ டாக்டருங்க ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்களாம், நினைவு எப்படி இருக்கு, கசிஞ்சது 30 மில்லிய தாண்டுச்சா, மூளை நடுவுல இருக்குற நீர் அறைக்குள்ள ரத்தம் இறங்கிடுச்சா, கசிவு சிறுமூளை, மூளைத்தண்டு பக்கமா, வயசு 80 ஆச்சான்னு அஞ்ச பாத்து மார்க் போடுறது, மார்க் கூட கூட முதல் மாசத்துல பிழைக்கிற வாய்ப்பு குறையும். பொதுவா இந்த வகை ஸ்ட்ரோக்ல பத்துல நாலு பேரு ஒரு மாசத்த தாண்டுறதில்லன்னும் மறைக்காம சொன்னாரு. அப்பா நினைவோட இருந்தாரு, 30க்கு கீழ, வயசும் 80 இல்ல, அதனால நம்பிக்கையா இருங்கன்னாரு.

முதல் சில மணி நேரத்துல கசிவு பெருசாகுறதுதான் பெரிய ஆபத்துன்னு அப்பதான் தெரிஞ்சது. வந்த உடனே டிரிப்ல மருந்து ஏத்தி பிரஷரோட மேல் நம்பர (130/80ன்னா அந்த 130) 140 கிட்ட கொண்டு வந்தாங்க. ஏன் இவ்ளோ அவசரமா இறக்குறாங்கன்னு நான் பின்னாடி தேடி படிச்சேன். இன்டராக்ட் 3ன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 2023ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது, 10 நாட்டுல 7,000 பேருக்கு மேல, அதுல இந்தியாவும் இலங்கையும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள்ள பிரஷர 140க்கு கீழ இறக்குறது, சுகர கட்டுப்படுத்துறது, காய்ச்சல் வந்தா உடனே தணிக்கிறது, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு அத உடனே முறிக்கிறது, இத எல்லாம் ஒரே கட்டா சேத்து செஞ்ச ஆஸ்பத்திரிகள்ல ஆறு மாசம் கழிச்சு பாத்தப்ப இறந்தவங்களும் குறைவு, படுத்த படுக்கையா ஆனவங்களும் குறைவு. இதுல எதுவும் கோடி ரூபாய் மெஷின் வேணும்ங்கிற வைத்தியம் இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப மனசுல பட்டது. அதே சமயம் 110 - 139க்குள்ள கொண்டு வரணும்னு இன்னும் தீவிரமா இறக்கிப் பாத்த வேற ஒரு ஆராய்ச்சில (2016, 1,000 பேர்) கூடுதல் பலன் ஒன்னும் கிடைக்கல, கிட்னி பிரச்சனைதான் கூடிச்சு. அதனால வீட்ல யாரும் பிரஷர் ஏறிடுச்சுன்னு அவங்களா ரெண்டு மாத்திரைய சேத்து போட்டு சடார்னு இறக்காதீங்க.

சரி மெஷினுக்கு வர்றேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் சொன்னது, இனிமே வாழ்நாள் பூரா இவருக்கு பிரஷர் 130/80க்குள்ள இருக்கணும், வீட்லயே பாத்து எழுதிட்டு வாங்க. மணிக்கட்டுல கட்டுற மெஷின் வேணாம்னாரு, கை நெஞ்சு மட்டத்துல இல்லன்னா நம்பரு மாறிடும். மேல் கை மெஷின் வாங்கிட்டு வந்தோம், பட்டன் ஒன்னுதான், நம்பரு பெருசா தெரியுது, 60 ரீடிங் ஞாபகம் வச்சுக்குது, நாலு பென்சில் செல். அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாங்க, ரெண்டாவது நாளே தனியா பாக்க கத்துக்கிட்டாங்க.

பிரச்சனை எங்கன்னா பட்டில. அப்பா மண்வெட்டி பிடிச்ச கை, சுத்தளவு 35 சென்டிமீட்டர். பாக்ஸ்ல வந்த பட்டி 22ல இருந்து 32 வரைக்கும். அது பட்டி ஓரத்துல பொடி எழுத்துல போட்டுருக்கு, கடைக்காரரும் கேக்கல நாங்களும் பாக்கல. இழுத்து கட்டி பாத்தா தினமும் 158, 162, 155. எல்லாரும் மாத்திரை வேலை செய்யலன்னு நினைச்சோம், அம்மா ராத்திரி தூங்கவே இல்ல, அவரு மூச்சு விடுறாரான்னு எந்திரிச்சு எந்திரிச்சு பாப்பாங்க. ஒன்றரை மாசம் கழிச்சு செக்கப்புக்கு போனப்ப மெஷினையும் கொண்டு போனோம், நர்ஸ் அக்கா பட்டிய பாத்ததுமே தம்பி இது சின்னதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க பெரிய பட்டில பாத்தப்ப 144. டாக்டர் அப்ப சொன்னது, அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 2023ல 195 பேர வச்சு இதையே சோதிச்சாங்களாம், ரொம்ப பெரிய பட்டி தேவைப்படுற ஆளுக்கு சாதா பட்டி கட்டுனா மேல் நம்பரு சராசரியா 19.5 கூடுதலா காட்டுச்சாம். ஒல்லியான கைக்கு பெரிசா கட்டுனா குறைச்சு காட்டும், அது இன்னும் மோசம், பிரஷர் இருக்குறதே தெரியாம போயிடும்ல. 22 - 42 பட்டி தனியா 850 ரூபாய்க்கு வாங்குனோம், அப்புறம்தான் இந்த மெஷின நம்ப ஆரம்பிச்சேன்.

பாக்குற முறையும் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இதுல தப்பு பண்ணா எவ்ளோ நல்ல மெஷினும் பொய்தான் சொல்லும். சாய்மானம் இருக்குற நாற்காலில சாஞ்சு உக்காரணும், கால் ரெண்டும் தரைல, கால் மேல கால் கூடாது, கைய மேஜை மேல நெஞ்சு மட்டத்துக்கு வைக்கணும், அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும், காபி குடிச்ச கையோட பாக்க கூடாது, மூத்திரம் முட்டிகிட்டு இருந்தாலே நம்பரு ஏறும். முக்கியமா பேச கூடாது. எங்க வீட்ல இதான் பெரிய பாடு, பட்டி ஊதிகிட்டு இருக்கும்போது அம்மா மோட்டார் நிறுத்துனீங்களான்னு கேப்பாங்க, அவரு திக்கி திக்கி பதில் சொல்லுவாரு, 10 பாயிண்ட் கூட காட்டும். காலைல மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவ, ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு, ராத்திரியும் அதே மாதிரி ரெண்டு தடவ. பக்கவாதம் வந்த கைல பாக்காம நல்லா இருக்குற கைல பாக்க சொன்னாங்க, அப்பாவுக்கு இடது கை. ஆஸ்பத்திரில 140/90ன்னு சொல்ற கோடு வீட்ல பாக்கும்போது 135/85, இதுவும் நிறைய பேருக்கு தெரியல, வீட்ல 138 வந்தா நார்மல்னு விட்டுடுறாங்க.

மெஷினோட உண்மையான பலன் எனக்கு தெரிஞ்சது நோட்டுல. 40 பக்க ஸ்கூல் நோட்டு, தேதி, காலை, ராத்திரி, அவ்ளோதான். மூணாவது மாசம் டாக்டர் அந்த நோட்ட புரட்டி பாத்துட்டு ராத்திரி எல்லாம் 126, 128, காலைல மட்டும் 146, 148ன்னு விரல வச்சு காட்டுனாரு. அவரு ரூம்ல எப்ப பாத்தாலும் மத்தியானம், அப்ப 130தான் வரும், நோட்டு இல்லன்னா அந்த காலை நேரத்து ஏத்தம் யாருக்குமே தெரிஞ்சிருக்காது. மாத்திரைய மாத்தி குடுத்தாரு, மூணு வாரத்துல காலை நம்பரும் இறங்கிடுச்சு. இது சின்ன விஷயம் இல்லங்க. 2001ல வந்த ப்ராக்ரஸ் ஆராய்ச்சில ஏற்கனவே ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்த 6,105 பேர்ல பாதி பேருக்கு பிரஷர் மாத்திரையும் மீதி பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் குடுத்து பாத்தாங்க, மருந்து சாப்பிட்டவங்களுக்கு மேல் நம்பரு சராசரியா 9 பாயிண்ட்தான் குறைஞ்சுது, அந்த 9 பாயிண்ட்டுக்கு மூளை ரத்தக்கசிவு பாதியா குறைஞ்சுது. பட்டி தப்பா இருந்தா வர்ற பிழை அத மாதிரி ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், அதனாலதான் இவ்ளோ தூரம் பட்டிய பத்தியே பேசுறேன்.

குறைன்னா, மேனுவல்ல எட்டு மொழி இருக்கு, தமிழ் இல்ல. நானே பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி மெஷின் மூடி உள்பக்கம் ஒட்டி வச்சேன். காத்து ட்யூப் மாட்டுற இடம் ஒரு வருஷத்துல லூஸாகி எர்ரர் காட்ட ஆரம்பிச்சுது, சர்வீஸ் சென்டருக்கு ரெண்டு தடவ அலைய விட்டாங்க, கடைசில மாத்தி குடுத்தாங்க. நாடித்துடிப்பு தாறுமாறா இருக்குறவங்களுக்கு இந்த மாதிரி மெஷின் தடவைக்கு ஒரு நம்பரு காட்டும், எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான், அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குறது நல்லது. வருஷம் ஒரு தடவ ஆஸ்பத்திரி மெஷின் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பாத்துக்கோங்க.

மெஷின் இருக்குன்னு மத்தத விட்டுட கூடாது. 22 நாட்டுல நடந்து 2010ல வந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆராய்ச்சில நம்ம நாடும் இருந்துச்சு, ரத்தக்கசிவுக்கு முதல் காரணமா நின்னது பிரஷர், கூட புகை, குடி, தொப்பை, சாப்பாட்டு முறை. அப்பா பீடிய ஆஸ்பத்திரிலயே விட்டுட்டாரு. உப்புதான் கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன், நம்ம வீட்ல ஊறுகாய் அப்பளம் கருவாடு மோர் மிளகாய்னு அதுலயே முடிஞ்சிடும். அம்மா இப்ப கருவாட்ட மாசத்துக்கு ஒரு நாள்னு ஆக்கிட்டாங்க, அப்பா அதுக்கு மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு. மாத்திரை வாங்க காசு இல்லன்னு யாரும் நிறுத்தாதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, எங்க தெருவுல நாலு வீட்டுக்கு வருது.

ரீடிங் 180/120க்கு மேல வந்தா பதறாம அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, அப்பவும் அப்படியேன்னா டாக்டருக்கு போன். கூடவே வாய் கோணுது, கை இறங்குது, பேச்சு குழறுது, தாங்க முடியாத தலைவலி, வாந்தின்னா ரெண்டாவது தடவ எல்லாம் பாக்காதீங்க, நேரா 108. மெஷின்ல நார்மலா காட்டுனாலும் இந்த அறிகுறி இருந்தா கிளம்பிடுங்க. ரத்தக்கசிவா அடைப்பான்னு சிடி எடுத்தாத்தான் தெரியும், அதனால வீட்ல கிடக்குதேன்னு ஆஸ்பிரின் குடுத்துடாதீங்க.

நாலு ஸ்டார் குடுக்குறேன். ஒரு ஸ்டார் பாக்ஸ்ல சரியான பட்டி இல்லாததுக்கும் தமிழ் இல்லாததுக்கும் குறைச்சேன்.

இன்னொன்னு மட்டும். ஆராய்ச்சில எல்லாம் நோயாளி எவ்ளோ தேறுனாங்கன்னு 0ல இருந்து 6 வரைக்கும் ஒரு அளவு வச்சு பாக்குறாங்க, 0ன்னா ஒன்னுமே இல்ல, 6ன்னா இறப்பு. வீட்டுக்கு வந்தப்ப அப்பா 4ன்னு சொன்னாங்க, பிடிச்சுதான் நடக்கணும், இப்ப 2. எனக்கு அந்த நம்பர விட பட்டிதான் கணக்கு. இடது கைல பட்டி கட்டணும்னா வலது கைதான் வேலை செய்யணும், அந்த வலது கைதான் போன கை. எட்டு மாசம் அம்மா கட்டி விட்டாங்க. ஒன்பதாவது மாசம் ஒரு நாள் காலைல நான் பல் விளக்கிகிட்டு இருக்கேன், உள்ள இருந்து வெல்க்ரோ பிரியுற சத்தம் சர்ர்னு வந்துச்சு, அம்மா கொல்லைல இருந்தாங்க. ஓடிப்போய் பாத்தா அப்பா தனியா உக்காந்து விரல் நடுங்க நடுங்க பட்டிய இழுத்து ஒட்டிகிட்டு இருக்காரு, கோணலாத்தான் ஒட்டுச்சு, நான் தொடவே இல்ல, பட்டன அவரே அமுக்குனாரு. 127/78. நோட்டுல அந்த வரி மட்டும் அவரு கையெழுத்துல இருக்கு, கிறுக்கலா.